பதிவில் உயிரோடு இருந்தவர்

என் கணவர் நல்லரத்தினம் 2004ஆம் ஆண்டு மார்கழி இருபத்தாறாம் திகதி காலை ஒன்பது மணிக்குச் சற்றுப் பிறகு கல்குடாக் கடலில் இறந்தார். இதை நான் இவ்வளவு திட்டமாக எழுதுவதற்குக் காரணம், அடுத்த நாலரை வருடங்களாக எந்தக் கடதாசியிலும் இதை எழுதாமல் இருந்ததுதான். அப்படி எழுதாமல் விட்டதால் ஒரு பிள்ளைக்குத் தகப்பன் கிடைத்தார். ஒரு அக்காவுக்குத் தம்பி திரும்பக் கிடைத்தார். இரண்டும் பொய், இரண்டுக்கும் நான்தான் பொறுப்பு.

என் பெயர் அஜந்தா. கல்குடாவுக்குப் பக்கத்தில் ஒரு உப தபால் கந்தோர் என் பொறுப்பில் இருக்கிறது. முத்திரை விற்பது, பதிவுத் தபால் வாங்குவது, தந்தி வந்த காலத்தில் தந்தி வாசித்துக் காட்டுவது. அடுத்தவர் கடிதத்தை வாசிக்கக் கூடாது என்று சத்தியம் செய்து வேலைக்குச் சேர்ந்தவள். ஆனால் என் வீட்டுக் கதையை ஊர் முழுக்க வாசிக்கும். அதற்கு யாரும் சத்தியம் செய்து கொடுக்கவில்லை.

சுனாமியாகக் கடல் வந்த அன்று நான் வீட்டில் இருக்கவில்லை. அவருடைய அக்கா அன்னப்பூரணிக்குக் காய்ச்சல் என்று முதல் நாளே கிரானுக்குப் போயிருந்தேன். தாய் செத்தபோது இவருக்கு நாலு வயது, அக்காவுக்குப் பன்னிரண்டு. அன்றிலிருந்து தம்பிக்குச் சோறு ஊட்டியது, பள்ளிக்கு அனுப்பியது, வட்டைக்குள் இறங்கி நெல் விதைத்துப் படிப்பித்தது எல்லாம் அவதான். கலியாணம் கட்டவில்லை. கேட்டால், நேரம் கிடைக்கவில்லை என்பா. அன்று காலை நான் அவவுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தேன். இவர் ஞாயிற்றுக்கிழமைதானே என்று, கரைவலை இழுக்கும் சீனித்தம்பியிடம் மீன் வாங்கக் கடற்கரைக்குப் போயிருந்தார். டிப்போவில் பஸ் கொண்டக்டராக இருந்தவர். கிரான் வயற்காரன் மகன், நீந்தத் தெரியாது.

ஒரு பள்ளிக்கூட முகாமில் சீனித்தம்பியைக் கண்டுபிடித்தேன். முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

“கையப் பிடிச்சிருந்தன் அக்கா. ரெண்டாவது அலையில நழுவிற்று. கண்ணுக்கு முன்னால தண்ணிக்குள்ள தாண்டு போனவர்.”

எனக்கு அது போதும். நான் அழுது முடித்தேன். ஆனால் அன்னப்பூரணி மச்சாளிடம் போய்ச் சொன்னபோது அவ என்னைக் கோபமாகப் பார்த்தா.

“கை நழுவினது எண்டுதானே சொன்னான்? செத்தது எண்டு சொல்லல்லையே.”

சில மாதங்களில் காணாமல் போனவர்களுக்கும் மரணச் சான்றிதழ் கொடுக்கலாம் என்று சட்டம் வந்தது. கிராம சேவகர் படிவத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். நான் பேனையை எடுத்தேன். மச்சாள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டா. உடம்பைக் காணாமல் கையெழுத்து வைக்கிறவள் பொஞ்சாதி இல்லை என்றா. சண்டை பிடிக்க எனக்குத் தெம்பு இருக்கவில்லை. படிவம் வெறுமையாகவே திரும்பிப் போனது. இவ்வளவுதான் ஆரம்பம்.

இனி சொல்வதை என் கணவர் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றார். முக்கியமாக அக்காவிடம்.

எங்களுக்குக் கலியாணமாகி ஒன்பது வருடம் பிள்ளை இல்லை. ஊர் வழக்கப்படி அது என் குறை. மாமாங்கக் கோயிலுக்கு நேர்த்தி வைத்தது நான், மருந்துப் பொட்டலம் விழுங்கியது நான், பூப்புனித நீராட்டு வீடுகளில் பின்வரிசையில் நின்றது நான். 2004 புரட்டாதியில் சென்னைக்குப் போனோம். அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் இரண்டு பேரையும் சோதித்தார்கள். என்னில் ஒன்றும் இல்லை. அவரில்தான் குறை, அதுவும் மருந்தால் தீராத குறை. வேறொரு ஆணின் விந்தணுவை ஊசியால் வைத்துப் பிள்ளை பெறலாம் என்று டொக்டர் சொன்னார். தந்தவர் யாரென்று நமக்குத் தெரியாது, நாம் யாரென்று அவருக்குத் தெரியாது.

லொட்ஜ் அறையில் இரண்டு நாள் இவர் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலை தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது சிரித்தார்.

“நம்மட ஊரில குடி, வம்சம் எல்லாம் ஆருட பக்கத்தால வாறது?”

“தாயிட பக்கத்தால.”

“அப்ப பயம் என்னத்துக்கு? உன்ட வயித்தால வந்தா அது உன்ட குடிப் புள்ள. கோயில்ல தகப்பனிட குடிய ஆரும் கேட்க மாட்டாங்க. கையெழுத்த வைப்பம்.”

வைத்தார். பிறக்கும் பிள்ளையைத் தன் பிள்ளையாக ஏற்றுக்கொள்வதாக இங்கிலீசில் எழுதிய கடதாசி. தைமாதம் திரும்பி வரச் சொன்னார்கள். தைமாதம் அவர் இல்லை.

ஒரு வருடம் நான் என்ன செய்தேன் என்று எனக்கே சரியாக ஞாபகமில்லை. உடைந்த வீட்டுக்குப் பதிலாக ஒரு தொண்டு நிறுவனம் கட்டித் தந்த இரண்டு அறை வீட்டில் இருந்தேன். என் தாய் தகப்பன் முன்பே போய்விட்டார்கள். ஒரே தம்பி சுவிஸில். வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் காலையில் வைத்த கோப்பை வைத்த இடத்தில் இருக்கும். அந்தக் கோப்பையைப் பார்த்து ஒரு நாள் எனக்குக் கோபம் வந்தது. யாராவது அதைத் தட்டி விழுத்தி உடைத்திருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். எனக்கு முப்பத்தெட்டு வயது. மறுமணம் செய்யச் சொல்லி இரண்டு மூன்று பேர் வந்தார்கள். புருசன் வேண்டாம், பிள்ளைதான் வேண்டும் என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது?

2006 மாசியில் தனியாகச் சென்னைக்குப் போனேன். டொக்டர் எங்கள் பழைய ஃபைலை எடுத்தார். கணவர் இறந்துவிட்டார் என்று உண்மையைச் சொன்னேன். அவர் கையெழுத்து வைத்த கடதாசியைத் தனியே எடுத்து, இது இனிச் செல்லாது என்று வேறொரு உறையில் போட்டார்.

“தனியா இருக்கிற லேடிக்கும் பண்ணலாம்மா. இங்க அதுக்குத் தடை இல்ல. நீங்க மட்டும் கையெழுத்துப் போட்டாப் போதும்.”

“பிள்ளை ஒரு நாளைக்குத் தகப்பன் யாரெண்டு கேட்டா?”

“நீங்க சொன்னாத்தானே கேக்கும்? யாரும் சொல்றதில்லம்மா.”

இரத்த வகையும் உயரமும் மட்டும் சொன்னார்கள். ஒரு பசு வாங்கினால்கூட எந்தப் பட்டியிலிருந்து வந்தது என்று விசாரிக்கிற ஊரில் பிறந்தவள் நான். ஆனாலும் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டால் இல்லையென்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். என் பிள்ளைக்கு உரியதை அவள் பிறக்கு முன்பே நான் விட்டுக்கொடுத்தேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பதினாறு நாள் நின்று திரும்பி வந்தேன். ஐந்தாம் மாதத்தில் சேலையால் மறைக்க முடியவில்லை. சுவிஸ் தம்பி ஒரு தடவை போன் எடுத்து, ஆர் ஆள் என்று மட்டும் கேட்டான். நான் போனை வைத்தேன். அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

ஊர் வேறு மாதிரி. முதலில் முத்திரை வாங்க வருகிறவர்கள் என் வயிற்றிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு ஒரு கிழமைக்குள் எல்லாரும் திடீரென்று மரியாதையானார்கள். சீனித்தம்பியின் மனைவி மீன் கொண்டுவந்து தந்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “அவர் சுகமா இருக்காரா அக்கா?” என்றாள். அப்போதுதான் விளங்கியது. நல்லரத்தினம் சாகவில்லை, எங்கோ ஒளித்திருக்கிறார், வந்து போகிறார் என்று ஊர் தனக்குள் முடிவு செய்திருந்தது. அந்த வருடம் சண்டை திரும்பத் தொடங்கியிருந்தது. வாகரைப் பக்கமிருந்து சனம் மூட்டை முடிச்சோடு வந்துகொண்டிருந்தது. ஆண்கள் காணாமல் போவதும், செத்ததாகச் சொன்ன ஆள் வேறெங்கோ இருப்பதும், இருப்பதாகச் சொன்ன ஆள் செத்துப்போயிருப்பதும் அன்றாடச் செய்தி. ஒரு பெண் கெட்டுப்போனாள் என்று நினைப்பதைவிட ஒரு ஆண் ஒளித்திருக்கிறான் என்று நினைப்பது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது. நான் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டேன். அதைப் பொய் என்று அப்போது நான் எண்ணவில்லை.

அன்னப்பூரணி மச்சாள் ஒரு நாள் கிரானிலிருந்து சிவப்பரிசிப் பையோடு வந்தா. வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தா. அடிப்பா என்று நினைத்தேன். பையை இறக்கி வைத்து, என்னை இருத்தி, தலைக்கு எண்ணெய் வைத்தா.

“ஆரு என்ன கேட்டாலும் ஒண்டும் பறையாத கா. என்னட்டயும் பறையாத.”

அவவுக்கு என்ன விளங்கியது என்று எனக்குத் தெரியாது என்றால் அது பொய். முழுக்கத் தெரியும் என்றாலும் மெய்யில்லை. அவவுடைய விரல் என் உச்சந்தலையில் இருந்தது. என்னை ஒருவர் தொட்டு ஒன்றரை வருடம். அந்தக் கையை விலக்கும் தைரியம் எனக்கு இல்லை.

கார்த்திகையில் கஜானி பிறந்தாள். பதிவாளர் யாக்கோப்பு தன் வீட்டு முன்னறையைத்தான் கந்தோராக வைத்திருந்தார். கடல் கொண்டுபோன சனத்தில் பாதியைத் தன் கையாலேயே எழுதியவர். அதற்குப் பிறகு பிறப்புப் பதிய யார் வந்தாலும் எழுந்து நின்று கதிரை கொடுப்பார் என்று சொல்வார்கள். எனக்கும் கொடுத்தார். தகப்பனின் முழுப்பெயர் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனை நின்றது.

“தங்கச்சி, நல்லரத்தினத்துக்கு மரணம் பதியல்லத்தானே?”

“இல்லை.”

“அப்ப சட்டத்துக்கு அவர் உயிரோட இருக்கார். நீங்க கலியாணம் கட்டின பொம்பிள. பிறந்தது அவருட புள்ள. நான் வேற ஒண்டும் கேட்கத் தேவையில்ல.” பேனையால் அந்தக் கட்டத்தைத் தொட்டுக் காட்டினார். “இல்லையெண்டா இதுக்குள்ள ஒரு கோடு போட வேணும். கீழ, பெற்றோர் விவாகமானவரா எண்ட கட்டத்துக்கு இல்ல எண்டு எழுத வேணும். பொம்பிளப் புள்ள. பள்ளிக்கூடத்துக்கும் கலியாணத்துக்கும் அந்தக் கோடு அவளுக்கு முன்னால போகும்.”

நான் பிள்ளையைப் பார்த்தேன். ஏழு நாள் பிள்ளை, நித்திரை. அந்த நேரத்தில் எந்தத் தாயும் என்ன செய்வாளோ அதைச் செய்தேன். எழுதுங்கள் என்றேன். பிறந்த திகதி முதல் இனம் வரை அவரைப் பற்றி எல்லாம் சொன்னேன். கையெழுத்து வைத்தேன். ஒரு காலத்தில் அவரே ஏற்றுக்கொள்கிறேன் என்று எழுதித் தந்தவர்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அதற்குப் பிறகு இரண்டரை வருடம் நல்லாயிருந்தது. இதை நான் ஒளிக்க மாட்டேன். மச்சாள் மாதத்தில் இரண்டு தரம் வருவா. பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்க மாட்டா. தம்பியின் காது, தம்பியின் நெற்றி, தம்பியின் பிடிவாதம் என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடிப்பா. கஜானி முதலில் சொன்ன சொல் அம்மா இல்லை, மாமி. எனக்கு எரிச்சல் வந்தது, சந்தோசமும் வந்தது. என் வீட்டில் கோப்பைகள் உடைந்தன. ஆனால் மச்சாள் அந்தக் காது நெற்றிகளைச் சொல்லும்போது மட்டும் நான் அடுப்படிக்குள் போய்விடுவேன். அறைக்குள் மூன்று பேர் இருக்கும்போது நான் மட்டும் தனியாக நிற்பது போல இருக்கும். யாரிடமாவது சொல்ல வேண்டும், சொல்ல ஒருவரும் இல்லை.

2009 வைகாசியில் வன்னியில் சண்டை முடிந்தது என்று றேடியோ சொன்னது. ஆனியில் மச்சாள் வவுனியாவுக்குப் போனா. எனக்குச் சொல்லவில்லை. ஒரு கிழமை கழித்துக் கால் வீங்கி வந்தபோதுதான் தெரியும். வன்னியிலிருந்து வந்த சனத்தை அடைத்து வைத்திருந்த முகாமின் முள்ளுக்கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, தம்பியின் படத்தைப் பிடித்துக்கொண்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு நின்றிருக்கிறா. ஒரு முகாமில்லை, நாலு முகாம். அவ காலுக்கு உப்புத்தண்ணி வைத்துக் கொடுத்தேன். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

ஆடியில் ஒரு நாள், மத்தியானம் கந்தோர் பூட்டும் நேரம், ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தா. பின்னறையில் தபால் சாக்குகளின் மேல் கஜானி படுத்திருந்தாள். மச்சாள் பைக்குள்ளிருந்து ஒரு படிவத்தை எடுத்துக் கவுண்டரில் விரித்தா. காணாமல் போனவர்களின் விபரம் சேர்க்கிற ஏதோ ஒரு நிறுவனத்தின் படிவம்.

“இத நிரப்பித் தா கா. என்ட எழுத்து அவங்களுக்கு விளங்காது. மறுகா பதிவுத் தபால்ல போட்டுவிடு.”

பெயர் எழுதினேன். பிறந்த திகதி, முகவரி எழுதினேன். கடைசியாகக் காணப்பட்ட திகதி என்ற இடத்தில் இரண்டாயிரத்து நாலு என்று எழுதத் தொடங்கியபோது என் கையைப் பிடித்தா.

“அது இல்ல. ரெண்டாயிரத்தி ஆறு எண்டு போடு. மாசி மாசம்.”

“ஏன் மாசி?”

சிரித்தா. “எனக்கு எண்ணத் தெரியாதெண்டு நினைச்சியா? புள்ள கார்த்திகையில பிறந்தவள். மாசியில நீ இந்தியாவுக்குப் போய்ப் பதினாறு நாள் நிண்டாய். அவன் அங்க ஒளிச்சிருக்கான் எண்டு நான் அப்பவே விளங்கிற்றன். கேட்கல்ல. கேட்டா அவனுக்கும் கூடாது, உனக்கும் கூடாது. மறுகா அவன் வன்னிக்குத்தான் போயிருக்க வேணும். இல்லாட்டி இந்தப் புள்ளையப் பாக்க வராம இருப்பானா?”

பைக்குள்ளிருந்து இன்னொரு கடதாசி வந்தது. கஜானியின் பிறப்புச் சான்றிதழின் போட்டோக் கொப்பி. பிரதேச செயலகத்துக்குப் போய்த் தானாக எடுத்திருக்கிறா. தகப்பனின் பெயருக்குக் கீழே பென்சிலால் கோடு.

“இதையும் சேத்து அனுப்பு. கவுண்மேந்து தந்த கடதாசி. இதவிட என்ன சாட்சி வேணும்?”

படிவத்தில் அடுத்த கேள்வி, அவர் ஏதாவது ஆயுத அமைப்பில் இருந்தாரா என்பது. “ஓம் எண்டு போடு. அப்பிடி ஆக்களத்தான் தனியாப் பிரிச்சு வச்சிருக்காங்களாம். அங்கயும் தேடட்டும்.”

பேனை என் கையில் இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது அவவைப் பற்றிய இரக்கம் இல்லை, பயம். ஓம் என்று எழுதினால் கஜானி ஒரு இயக்கக்காரனின் மகள். நாளைக்கே யாராவது ஜீப்பில் வந்து, உன் புருசன் எங்கே என்று கேட்பார்கள். அந்தப் பயம் ஒரு நிமிடம் இருந்தது. பிறகு மச்சாளின் காலைப் பார்த்தேன். செருப்பு வார் வெட்டிய இடத்தில் புண் இன்னும் ஆறவில்லை. இந்தக் கால் இனி ஒவ்வொரு முகாமாக, ஒவ்வொரு சிறையாக, சாகும்வரை நடக்கும். நான் எழுதிய ஒரு பெயருக்காக நடக்கும்.

பேனையை மூடினேன்.

“மச்சாள், நான் இந்தியாவுக்கு அவரப் பாக்கப் போகல்ல. ஆஸ்பத்திரிக்குப் போனன்.”

“என்ன ஆஸ்பத்திரி?”

சொன்னேன். ஒழுங்காகச் சொல்லவில்லை, முன்னுக்குப் பின்னாகச் சொன்னேன். வேறொரு மனிதர், யாரென்று எனக்கும் தெரியாது, முகம் கண்டதில்லை, ஊசியால் வைத்தார்கள். அவ நெற்றியைச் சுருக்கிக் கேட்டுக்கொண்டிருந்தா. வயல் செய்கிறவ, மாடு வளர்க்கிறவ. கடைசியில் மெதுவாகக் கேட்டா.

“மாட்டுக்குச் சினை ஊசி போடுற மாதிரியா?”

“ஓம் மச்சாள். அது மாதிரித்தான்.”

“அப்ப தம்பி?”

“சீனித்தம்பி சொன்னது மெய். அண்டைக்கே போயிற்றார்.”

அழவில்லை. கவுண்டரின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றா. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் என்னைக் கெட்டவளாக நினைத்துவிடுவாவோ என்று மற்றதையும் சொன்னேன். குறை அவரில் இருந்ததையும், அவர் சம்மதித்துக் கையெழுத்து வைத்ததையும், அக்காவுக்குச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதையும்.

“என்னட்டச் சொல்ல வேணாம் எண்டானா?” என்றா. செத்ததைக் கேட்டபோது மாறாத முகம் இதற்கு மாறியது. நாலு வயதிலிருந்து சோறூட்டிய அக்காவிடம் தம்பி மறைத்திருக்கிறான்.

பின்னறையில் கஜானி எழும்பி, மாமியின் குரல் கேட்டு, ஓடிவந்து அவவின் காலைக் கட்டிக்கொண்டாள். மச்சாள் குனிந்து பார்த்தா. தூக்கவில்லை.

“அப்ப இவ்வளவு நாளும் நான் ஆரத் தூக்கிக்கொண்டு திரிஞ்சன்?”

பிள்ளையின் கையைப் பூப்போல விலக்கிவிட்டு வெளியே போனா. படிவமும் பையும் கவுண்டரிலேயே கிடந்தன.

அதோடு விட்டிருக்கலாம். உண்மை ஒருத்திக்குத்தானே தெரிந்தது, சான்றிதழ் அப்படியே இருக்கிறது என்று விட்டிருக்கலாம். பல இரவுகள் அப்படித்தான் யோசித்தேன். ஆனால் கஜானி ஒரு நாள் கழித்தல் படிப்பாள். இரண்டாயிரத்தாறிலிருந்து இரண்டாயிரத்து நாலைக் கழிக்க இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். அன்றைக்குத் தன் தகப்பன் தான் பிறக்க இரண்டு வருடம் முன்பே செத்தவர் என்று அவள் தானாகக் கண்டுபிடிப்பாள். கீழே தாயின் கையெழுத்து இருக்கும். அவளுக்கு அவளைப் பற்றித் தெரிந்துகொள்ள இருப்பதே ஒரு இரத்த வகையும் ஒரு உயரமும். அதற்கு மேல் ஒரு பொய்யையும் நான் வைக்கக் கூடாது. கோடு என்றால் கோடு. கோட்டைப் பார்த்து அவள் கேட்பாள், நான் சொல்வேன்.

தகப்பனின் பெயரை எடுத்துவிடச் சொன்னதும் யாக்கோப்பு கையிலிருந்த பேனையைப் போட்டுவிட்டார்.

“உங்களுக்கென்ன விசரா தங்கச்சி? வேணுமெண்டு ஆராவது பிள்ளையிட தகப்பனை வெட்டுவினமா?”

“பிழையா எழுதினதுதானே.”

“நான் எழுதினது பிழை எண்டு சொல்றீங்க.”

“நான் சொல்லித்தானே எழுதினீங்க.”

குனிந்து பேனையை எடுத்தார். பிறகு செய்முறையைச் சொன்னார். முதலில் மரணத்தைப் பதிய வேண்டும். திகதி பதிந்ததும் பிறப்பில் இருக்கிற பெயர் நிற்காது, அதை எடுக்க விண்ணப்பம் போட வேண்டும். மரணத்துக்கு என் சத்தியக்கடதாசி மட்டும் போதாது, இறந்தவரின் இரத்த உறவு ஒருவரும் சொல்ல வேண்டும்.

“அவருட அக்கா ஒரு ஆள் இருக்கிறா தானே,” என்றார்.

நான் கிரானுக்குப் போகவில்லை. போய் அந்த முற்றத்தில் நிற்க எனக்கு முகமில்லை. இரண்டு வரியில் கடிதம் எழுதி, என் கையாலேயே முத்திரை குத்தி அனுப்பினேன். திகதியும் நேரமும் எழுதி, வந்தால் நல்லது என்று முடித்தேன்.

வந்தா. எனக்கு முன்பே வந்து யாக்கோப்பின் முன்னறையில் இருந்தா. மெலிந்திருந்தா. கஜானியை விட்டுவர யாரும் இல்லாததால் கூட்டிப்போயிருந்தேன். பிள்ளை அவவிடம் ஓடப் பார்த்தது, நான் கையைப் பிடித்துக்கொண்டேன். யாக்கோப்பு ஒவ்வொன்றாக வாசித்துக் கேட்டார். இறந்தவர் பெயர், வயது, தொழில், இறந்த இடம். மச்சாள் ஒவ்வொன்றுக்கும் ஓம், ஓம் என்றா.

“பிள்ளைகள்?”

கேட்டுவிட்டு அவரே தலை குனிந்துகொண்டார். மச்சாள் என்னைப் பார்க்கவில்லை, பிள்ளையையும் பார்க்கவில்லை.

“இல்ல,” என்றா.

அதைத்தான் நான் கேட்டேன். அதற்காகத்தான் கடிதம் போட்டேன். ஆனாலும் அந்தச் சொல் அவ வாயிலிருந்து வந்தபோது, என் பிள்ளையை யாரோ என் மடியிலிருந்து பறித்தது போல இருந்தது. அவ எழுத்துக்கூட்டித் தன் பெயரை எழுதினா. ஐந்து நிமிடம் எடுத்தது. நல்லரத்தினம் அன்றைக்குத்தான் செத்தார்.

இரண்டு பேருக்கும் ஒரே பஸ்தரிப்பு. வேறு வழியில்லை. அவ மர வாங்கின் ஒரு நுனியில் இருந்தா, நான் மறு நுனியில். நடுவில் இரண்டு பேர் இருக்க இடம் இருந்தது. கஜானி என் கையிலிருந்து நழுவி, அவ முன்னால் போய் நின்று, இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். தூக்கு என்பதற்கு அவளுக்கு அதுதான் பாசை. மச்சாளின் கை மடியில் இருந்து கொஞ்சம் எழும்பியது. பிறகு அந்தக் கையாலேயே சேலையைச் சரிசெய்தா. மட்டக்களப்பு பஸ் வந்தது. ஏறி, றோட்டுக்கு அந்தப் பக்கத்து யன்னலோரம் போய் இருந்தா.

“மாமி ஏன் போறா?”

இதை எப்போது சொல்வது, எப்படிச் சொல்வது என்று நான் பல தடவை யோசித்து வைத்திருந்தேன். ஏழு வயதில், அல்லது பத்தில். அங்கே, அந்தப் புழுதிக்குள், இரண்டே முக்கால் வயதில் சொன்னேன்.

“கிளி, உனக்கு அப்பா எண்டு ஒரு ஆள் இல்ல. படத்தில இருக்கிறவர் அம்மாட ஆள். உன்ட அப்பா இல்ல. உனக்கு அம்மாதான்.”

யோசித்தாள். அப்பா என்பது அவளுக்குச் சுவரில் இருந்த ஒரு படம். அது தன்னுடையது இல்லை என்றதில் அவளுக்குப் பெரிய நட்டமில்லை. தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டாள். பிறகு பஸ்ஸைப் பார்த்தாள்.

“அப்ப மாமி?”

பஸ் வெளிக்கிட்டது. நான் அவளைத் தூக்கி வைத்துக்கொண்டேன். வீடு வந்து சேரும்வரை அவள் அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள்.